தோப்புக்கு ஒரு குட்டி யானை: டீசலா, பெட்ரோலா, கேஸா?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் புதிதாகத் தென்னந்தோப்பு வாங்குகிறவர்கள் முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: வாடகை வண்டியை நம்பிப் பயனில்லை. காய் போடுகிற, அதாவது தேங்காய் பறிக்கிற நாளில் ஊரிலுள்ள எல்லாத் தோப்பிலும் காய் போடுகிறார்கள். நான்கு மூட்டை உரம் எடுத்துவர அழைத்தால், அரை நாள் வாடகை கேட்கிறார்கள். சரி, சொந்தமாகக் குட்டி யானை மாதிரி ஒரு சின்னப் பாரவண்டி வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. டீசலா, பெட்ரோலா?

டீக்கடையில் கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும். "சுமைக்கு டீசல்தான் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" நானும் யோசிக்காமல்தான் வாங்கினேன். அந்தப் பதில் 2020 மார்ச் 31 வரை சரியாக இருந்தது. மறுநாள் பி.எஸ்.6 புகை விதிகள் வந்தன. அதற்குப் பிறகு அது பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்கு வழி சொல்வதே இந்தக் கட்டுரை.

மூன்று முதல் பதினைந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வண்டி என்று நான் சொல்வது டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி, மகிந்திரா ஜீத்தோ, கொஞ்சம் பெரிதாக அசோக் லேலண்ட் தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற நான்கு சக்கரப் பாரவண்டிகளை. உழவு ஓட்ட இவை உதவா. அதற்கு டிராக்டர்தான்.

முதலில் ஒரு நோட்டு

ஷோரூமுக்குப் போகாதீர்கள். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், இப்போது வாடகை வண்டியிலும் பைக்கிலும் நடக்கிற ஒவ்வொரு நடையையும் எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன சுமை, எத்தனை நிமிடம். காய் போடும் வாரம் ஒன்றும் சாதாரண வாரம் ஒன்றும் அதற்குள் வர வேண்டும்.

என் நோட்டை வண்டி வாங்கிய பிறகுதான் எழுதினேன், அதுதான் வேடிக்கை. வீட்டிலிருந்து தோப்பு 3 கிலோமீட்டர். தோப்பு வாசலிலிருந்து களம் 600 மீட்டர். உரக்கடை 9, மண்டி 14. இரண்டு வாரத்தில் 31 நடை. அதில் 24 நடை நான்கு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மண்டிக்குப் போனது இரண்டே முறை. பக்கத்தைப் புரட்டியபோதே நான் தவறான வண்டி வாங்கிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

சுமையைக் கிலோவில் எழுதுங்கள்

"ஒரு லோடு" என்பது அளவல்ல. எடை போட்டுப் பாருங்கள். மட்டையோடு ஒரு தேங்காய் ஒன்றேகால் கிலோவை ஒட்டி வரும். ஆயிரம் காய் என்றால் ஒன்றேகால் டன். அதே ஆயிரம் காயை உரித்து ஏற்றினால் ஐந்நூற்றைம்பது, அறுநூறு கிலோதான். இளநீர் ஒன்று இரண்டு கிலோவுக்குக் குறையாது. நானூறு இளநீர் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. டி.ஏ.பி. உரமும் சிமெண்டும் 50.

குட்டி யானை என்று நம் ஊரில் பெயர் வாங்கிய டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதன் சுமைத்திறன் 750 கிலோ. இன்றும் இந்த வகை வண்டிகள் அந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன. கோடையில் பலரும் செய்கிற காரியம், பின்னால் 1,000 லிட்டர் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பிக் கன்றுகளுக்கு ஊற்றுவது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். தொட்டி பாதி காலியானதும் தண்ணீர் அலைந்து வண்டியை வளைவில் சாய்க்கப் பார்க்கும். 500 லிட்டர் தொட்டி வாங்கி இரண்டு நடை போங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை தீர்மானிப்பது வண்டியின் அளவை. எரிபொருளை அல்ல. வாரத்தில் பல நாள் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிறவர் தோஸ்த், பிக்கப் பக்கம் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் டீசல்தான், இடையில் சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயு மாடல்கள் சில. குழப்பமெல்லாம் முக்கால் டன் வண்டிகளில்தான். அங்கேதான் மூன்று எரிபொருளும் வரிசையில் நிற்கின்றன.

டீசலுக்கு என்ன ஆயிற்று?

டீசல் எஞ்சினின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. குறைந்த சுற்றிலேயே இழுவிசை கிடைக்கும். முதல் கியரில் காலை எடுத்துவிட்டாலும் சுமையோடு நகர்ந்து போகும், அணையாது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்து சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. அதை வேலையாக மாற்றுவதிலும் டீசல் எஞ்சின் கெட்டிக்காரன். இவையெல்லாம் இன்றும் உண்மை.

மாறியது புகைக்குழாய். பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் 550 முதல் 600 டிகிரி வரை ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் சத்தமில்லாமல் நடந்துவிடும். தோப்புக்குள் 600 மீட்டர் ஊர்ந்து, நிறுத்தி, காய் ஏற்றும் வரை எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி 600 மீட்டர் ஊர்ந்தால் நடக்கவே நடக்காது. எஞ்சின் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

என் வண்டியில் நான்காவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. புகைவடிகட்டி அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். எனக்கு அப்போது தெரியாது. வண்டி ஓடுகிறதே என்று இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மூன்றாவது கியருக்கு மேல் இழுவையே இல்லை. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொண்டுவிட்டது. வந்த மெக்கானிக் தம்பி வடிகட்டியைப் பார்க்கவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவினார். துணியால் துடைத்து மறுபடி செருகி எடுத்துக் காட்டினார். ஆயில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு நின்றது. "நீங்கள் ஆயில் ஊற்றினீர்களா அண்ணா?" ஊற்றவில்லை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீசல் வாடை.

கரியை எரிக்க எஞ்சின் ஒவ்வொரு முறை முயலும்போதும் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகிறது. எரிப்பு முடிவதற்குள் நாம் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறோம். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகள் தேயும். ஆயில் குறைந்தால்தான் கவலை என்று நினைத்திருந்தவன் நான், பி.எஸ்.6 டீசலில் ஆயில் கூடினாலும் கவலைப்பட வேண்டும். ஸ்கேனரை மாட்டிக் கட்டாயமாக எரிக்க வைத்து, ஆயிலையும் மாற்றி அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை வண்டியை நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். மாட்டைக் காலாற நடத்திக் கூட்டி வருவதுபோல ஒரு வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலை உடுமலைச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எரித்த டீசல் என் காசு.

எல்லா டீசல் வண்டியிலும் ஒரே ஏற்பாடு இல்லை. சிலவற்றில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி இருக்கும். சிலவற்றில் அது இல்லாமல் வேறு வகையில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசல் அப்படிப்பட்டது. ஆகவே விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் டி.பி.எஃப். உண்டா? கரைசல் ஊற்ற வேண்டுமா? நின்ற இடத்திலேயே கரியை எரிக்கும் வசதி இருக்கிறதா? "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை சார்" என்பது பதில் ஆகாது. கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. அந்தக் கரைசல் 32.5 சதவீதத் தூய யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். தோப்பில்தான் யூரியா மூட்டை இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன என்ற யோசனை எனக்கும் வந்தது. நம் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. ஊற்றினால் பம்பும் தெளிப்பானும் அத்தோடு போயிற்று.

கணக்கு

இனி நோட்டில் உள்ள கிலோமீட்டரை ஆண்டுக்குப் பெருக்குங்கள். ஓர் உதாரணம் போடுகிறேன். உங்கள் பங்க் விலையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், சுமையோடு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு. டீசல் 93 ரூபாய், 19 கிலோமீட்டர். 4 ரூபாய் 90 காசு. மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 30 காசு.

டீசல் வண்டி விலை ஒரு லட்சம் கூடுதல் என்று கொள்வோம். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மிச்சம் 9,200 ரூபாய். போட்ட லட்சம் திரும்ப பதினோரு ஆண்டு ஆகும், அதற்குள் வடிகட்டி ஒருமுறை கை கடிக்காமல் விட்டால். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மிச்சம் 46,000. இரண்டே கால் ஆண்டுக்குள் லட்சம் வந்துவிடும். அவருக்கு நெடுஞ்சாலை ஓட்டமும் இருக்கும், வடிகட்டியும் தொல்லை தராது. ஆக, டீசல் எவருக்கு லாபமோ அவருக்கே அது நோயும் தராது. குறைவாக ஓடுகிறவருக்கு நட்டமும் கொடுத்து நோயும் கொடுக்கிறது.

விலைப்பட்டியல் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பாரவண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டீசலுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண் உண்டு. டிராக்டரும் பவர் டில்லரும் வைத்திருப்பவர் வீட்டில் ஏற்கெனவே டீசல் இருக்கும். பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்தத்துக்கு என்றால் உரிமம் இல்லாமல் பெட்ரோல் 30 லிட்டர்தான் வைத்திருக்கலாம். டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர், ஒரு கலத்தில் ஆயிரத்துக்கு மிகக் கூடாது. ஆனால் டிரம்மின் அடியில் தண்ணீரும் துருவும் நிற்கும். பழைய டிராக்டர் அதைக் குடித்துவிட்டு ஓடும். பி.எஸ்.6 வண்டியின் இன்ஜெக்டர் குடிக்காது. டிரம்மிலிருந்து வண்டிக்கு ஊற்றுவதானால் நீர் பிரிக்கும் வடிகட்டியை நடுவில் வையுங்கள்.

மலையடிவாரத்தில் மேடும் பள்ளமுமாகத் தோப்பு வைத்திருப்பவர், நோட்டில் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் டீசலை ஒதுக்க வேண்டாம். மேட்டில் சுமையோடு நின்று கிளம்புவது அங்கே தினசரி வேலை.

பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்களுக்கு

பெட்ரோல் வண்டி சீக்கிரம் சூடாகும், சத்தம் குறைவு, பழுதுபார்ப்பது எளிது, விலை குறைவு. மாருதி தன் சூப்பர் கேரியை 2016-இல் டீசலில்தான் கொண்டுவந்தது. 2020-இல் டீசலைக் கைவிட்டது. அந்த 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் காரில் ஓடுகிற குடும்பத்தைச் சேர்ந்தது. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

குறை எங்கே என்றால், கால் பழக்கத்தில். டீசல் ஓட்டிப் பழகிய டிரைவர் பெட்ரோல் வண்டியைச் சேற்றில் நகர்த்தும்போது அணைந்துவிடுமோ என்று க்ளட்சைப் பாதி மிதித்து, எஞ்சினை உறும விட்டே ஓட்டுவார். க்ளட்ச் தட்டு கருகும் வாடை வரும். சுமையோடு கிளம்பும்போது முதல் கியரில் முழுதாகக் காலை எடுத்துவிட்டு ஓட்டப் பழக்குங்கள். இரண்டாம் கியரில் கிளம்புகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடலாம். நிறுத்திவைப்பதானால் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள், காற்றுக்கு இடம் இருக்காது. பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் 2023 ஏப்ரலுக்கு முந்தையதா என்று பார்த்து, ரப்பர் குழாய்களை மாற்றச் செலவு ஒதுக்கிக்கொள்ளுங்கள். குறுகிய ஓட்டம் பெட்ரோல் எஞ்சினுக்கும் அமுதம் அல்ல. கிலோமீட்டர் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேஸ் வண்டி

சி.என்.ஜி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரப்பும் பங்க் மண்டிக்குப் போகும் வழியிலேயே இருந்தால் யோசியுங்கள். தனியாகப் பதினைந்து கிலோமீட்டர் போய் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் மறந்துவிடுங்கள். சிலிண்டர் எடையும் இடமும் பிடிக்கும்: சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம், சி.என்.ஜி.யில் 625 தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு இருக்கும் பெட்ரோல் தொட்டி 5 லிட்டர். கேஸ் வண்டி நகரத்தில் பால், காய்கறி கொண்டுபோகிறவருக்கு ஏற்றது. தோப்புக்காரருக்கு ஒத்துவந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுச் சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேசாதீர்கள்.

பழைய டீசல் என்ற மூன்றாம் வழி

தோப்பை விட்டு அதிகம் வெளியே போகாத வண்டிதான் தேவை என்றால், 2018, 2019-இல் பதிவான பி.எஸ்.4 ஏஸ் ஒன்றைத் தேடலாம். 702 சிசி, இரண்டு சிலிண்டர். புகைவடிகட்டியும் இல்லை, கரைசலும் இல்லை. கிராமத்து மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். ஊர்ந்துகொண்டே இருக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான டீசல் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை.

பார்க்கப் போவதானால் காலை ஏழு மணிக்குப் போங்கள், சொல்லாமல் போங்கள். ஏஸ் வண்டியில் எஞ்சின் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கையைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். நாளை வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு, மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை சில நொடியில் நிற்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், சட்டை அழுக்கானால் ஆகட்டும். சாணமும் உப்பும் மீனும் ஏற்றிய வண்டியின் சேஸிஸ் உள்ளிருந்து அரித்திருக்கும். ஸ்பேனரால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும்.

ஓட்டிப் பார்ப்பது

காலி வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. பத்து உர மூட்டையைத் தயாராக வைத்து, சோதனை வண்டியை உங்கள் தோப்புக்கே வரச் சொல்லுங்கள். வாங்குகிறவர் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். மூட்டையை ஏற்றி, வாய்க்காலைக் கடந்து, வாசல் மேட்டில் பாதியில் நிறுத்திக் கிளப்புங்கள். அதே மேட்டில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தென்னை வரிசைக்குள் ஒரே வெட்டில் திரும்புகிறதா என்று பாருங்கள். ஏஸ் சின்ன வட்டத்தில் திரும்பும், பிக்கப்புக்கு இடம் கூடுதலாக வேண்டும். இந்த வண்டிகளின் சக்கரம் சிறியது, பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். கரிசல் மண் தோப்பில் மழைக்கு மறுநாள் எந்த எரிபொருளும் காப்பாற்றாது. அங்கே செலவழிக்க வேண்டியது எஞ்சினுக்கு அல்ல, வாசலிலிருந்து களம் வரை கிராவல் கொட்டுவதற்கு.

காகிதம்

சொந்தத் தேங்காயை மட்டும் ஏற்றினாலும் பாரவண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகைதான், அதாவது வணிக வண்டிப் பதிவு. முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பிக்கப் வாங்குகிறவர்கள் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல் தாண்டிவிடும். கார் ஓட்டும் உரிமமே போதும். 7,500 கிலோ வரையிலான வண்டிகளுக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது.

பின்னால் வேலையாட்களை ஏற்றாதீர்கள். எல்லோரும் ஏற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். பாரவண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் அப்படிப் பயணம் செய்தவருக்குக் காப்பீடு கைகொடுக்காது, மருத்துவச் செலவும் இழப்பீடும் வண்டிக்காரர் தலையில் வந்து விழும். காய் போடும் நாளில் ஆட்களை அழைத்துவர ஆட்டோ வாடகை எவ்வளவு என்று அதே நோட்டில் ஒரு வரி எழுதி, எரிபொருள் கணக்கோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.